ஒளி எதிரொளிப்பு

ஒளி எதிரொளிப்பு அல்லது ஒளித்தெறிப்பு என்பது, ஓர் ஊடகத்தின் வழியே செல்லும் ஒளி வேறொரு பொருளின் பரப்பை அடைந்து, அப்பரப்பிலிருந்து மீண்டும் அதே ஊடகத்துக்குள் திரும்பும் நிகழ்வு ஆகும். ஞாயிறு, விளக்கு, மின்மினிப் பூச்சி போன்ற சிலவே தாமாக ஒளி தருவன. நாம் காணும் ஏனைய பொருள்கள் யாவும், நிலவு உட்பட, தம்மீது விழும் ஒளியை எதிரொளிப்பதனாலேயே கண்ணுக்குப் புலனாகின்றன. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மட்டும் உரியது எனப் பலர் எண்ணும் இந்நிகழ்வு, வெள்ளையடித்த சுவரிலும் அச்சிட்ட தாளிலும் இடையறாது நடைபெறுகிறது.

சமதள ஆடி ஒன்று ஒளிக்கதிருக்குச் செய்வது மிக எளிய செயலே. கதிரின் திசையில் ஆடிக்குச் செங்குத்தாக உள்ள பகுதியை மட்டும் அது எதிர்ப்புறமாகத் திருப்புகிறது. ஆடிக்கு இணையாக உள்ள பகுதியைத் தொடுவதே இல்லை. கண்ணாடியில் இடமும் வலமும் மாறுவதாகத் தோன்றுவதும், மிதிவண்டியின் பின்புறச் சிவப்புத் தகடு இரவில் ஒளிர்வதும், நிலவின் தொலைவை ஒரு சில சென்டிமீட்டர் பிழையோடு அளக்க முடிவதும் இதன் விளைவுகளே.

கலைச்சொற்கள்

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எதிரொளிப்பு என்று வழங்குவதை இலங்கைப் பாடநூல்கள் தெறிப்பு என்கின்றன. அவ்வாறே பிம்பம் அங்கே விம்பம். ஒளிவிலகல் அங்கே ஒளிமுறிவு. ஆடி என்ற சொல் இரு நாடுகளுக்கும் பொது. பழந்தமிழில் ஆடி என்பதே முகம் பார்க்கும் கருவிக்குப் பெயர். இன்றைய பேச்சு வழக்கில் கண்ணாடி என்பது முகம் பார்ப்பதையும் சன்னல் சில்லையும் மூக்கில் அணிவதையும் ஒருங்கே குறிப்பதால், இயற்பியலில் ஆடி என்று தனித்துச் சொல்வதே குழப்பம் தராதது.

பரப்பின் மேல் வந்து விழும் கதிர் படுகதிர். திரும்பிச் செல்வது எதிரொளித்த கதிர். படுகதிர் பரப்பைத் தொடும் இடம் படுபுள்ளி. அப்புள்ளியில் பரப்புக்குச் செங்குத்தாக வரையும் கோடு செங்குத்துக்கோடு (இலங்கையில் செவ்வன்). படுகதிர் இக்கோட்டுடன் அமைக்கும் கோணம் படுகோணம். எதிரொளித்த கதிர் அமைப்பது எதிரொளிப்புக் கோணம்.

கோணங்களைப் பரப்பிலிருந்து அளக்காமல் செங்குத்துக்கோட்டிலிருந்து ஏன் அளக்க வேண்டும் என்று மாணவர் கேட்பது இயல்பு. ஒரு பரப்பில் ஒரு புள்ளியின் வழியே எத்தனையோ திசைகளில் கோடுகள் வரையலாம்; ஆனால் செங்குத்துக்கோடு ஒன்றே ஒன்றுதான். வளைந்த பரப்புகளிலும் இவ்வசதி குறைவதில்லை. ஆடிக்கு நேரே செங்குத்தாக விழும் கதிரின் படுகோணம் 90 பாகை அன்று, 0 பாகை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒளி செல்லும் வழி

சீரான ஊடகத்தில் ஒளி நேர்கோட்டில் செல்கிறது. நிழல்களின் கூர்மையான விளிம்பும், ஞாயிறு மறைப்பும், நிலவு மறைப்பும் இதனால் ஏற்படுவன. நண்பகலில் மரத்தடியில் விழும் ஒளிப்பொட்டுகளை உற்று நோக்கினால் அவற்றுள் பெரும்பாலானவை வட்டமாக அல்லது நீள்வட்டமாக இருக்கும். இலைகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளோ வட்டமானவை அல்ல. ஒவ்வோர் இடைவெளியும் ஊசித்துளைப் படப்பெட்டியின் துளைபோல் செயல்பட்டு, தரையில் ஞாயிற்றின் பிம்பத்தை வீழ்த்துகிறது. 2019 திசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளில் தெரிந்தது போன்ற வளைய மறைப்பின்போது, அதே பொட்டுகள் முதலில் பிறைகளாகவும் பின்னர் வளையங்களாகவும் மாறும்.

கண்ணிலிருந்து ஏதோவொன்று புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதனால் பார்வை உண்டாகிறது என்று யூக்ளிடு முதலிய கிரேக்க அறிஞர் சிலர் கருதினர். ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருவதே பார்வை என்பதைப் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு அல் ஐதம் விரிவான ஆய்வுகளுடன் நிறுவினார். பாசுராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இவர் எழுதிய ஒளியியல் நூல், பின்னர் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது. ஒளிரும் பொருளை நெடுநேரம் நோக்கினால் கண் வலிக்கிறது என்பதும் அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. கண் அனுப்பும் பொருளாக இருந்தால் கண்ணுக்கு வலி ஏன்?

எதிரொளிப்பு விதிகள்

எதிரொளிப்புக்கு இரண்டு விதிகள் உள்ளன. படுகதிர், எதிரொளித்த கதிர், செங்குத்துக்கோடு ஆகிய மூன்றும் ஒரே தளத்தில் அமையும் என்பது ஒன்று. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பது மற்றொன்று. தேர்வுகளில் இரண்டாவதே அதிகம் கேட்கப்படுவதால் முதல் விதியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கோணங்கள் சமம் என்று மட்டும் சொன்னால், எதிரொளித்த கதிர் செங்குத்துக்கோட்டைச் சுற்றியுள்ள ஒரு கூம்பின் மீது எத்திசையிலும் செல்லலாம். அவற்றுள் ஒரேயொரு திசையைத் தேர்ந்தெடுத்துத் தருவது முதல் விதியே.

கேரம் பலகையில் இதற்கு நல்ல ஒப்புமை உண்டு. ஸ்ட்ரைக்கர் பக்கச் சட்டத்தில் சாய்வாக மோதினால், சட்டத்தின் நீளவாக்கில் அதற்கிருந்த ஓட்டம் அப்படியே தொடர்கிறது. சட்டத்தை நோக்கிய ஓட்டம் மட்டும் எதிர்த்திசையாகிறது. உராய்வும் சுழற்சியும் இருப்பதால் ஸ்ட்ரைக்கர் இதனைச் சற்றுப் பிசகுடனேயே செய்யும். ஒளி பிசகின்றிச் செய்யும். எடுத்துக்காட்டாக, தரையில் கிடத்திய ஆடியை நோக்கி ஒரு கதிர், கிழக்கே 3 அலகு செல்லும் நேரத்தில் கீழே 4 அலகு இறங்குமாறு வருகிறது என்க. ஆடியில் பட்டபின் அது கிழக்கே 3 அலகு செல்கையில் மேலே 4 அலகு ஏறும். கிழக்கு மாறவில்லை, கீழ் என்பது மேல் ஆயிற்று. இவ்வாறு மாறும்போது கோணங்கள் சமமாக இருப்பதும், மூன்று கோடுகளும் ஒரே தளத்தில் அமைவதும் தாமே நிகழ்ந்துவிடுகின்றன.

அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஈரோன் இதனை வேறொரு வகையில் விளக்கினார். ஓரிடத்திலிருந்து புறப்பட்டு, ஆடியைத் தொட்டு, மற்றோரிடத்தை அடையக்கூடிய வழிகள் அனைத்திலும் ஒளி செல்லும் வழியே மிகக் குறுகியது என்றார். இதனை எளிதில் மெய்ப்பிக்கலாம். புறப்படும் புள்ளிக்கு நேரெதிராக, ஆடிக்குப் பின்னால் அதே தொலைவில் ஒரு புள்ளியைக் குறிக்க. ஆடியின் எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் இவ்விரு புள்ளிகளும் சம தொலைவில் உள்ளன. எனவே பின்னாலுள்ள புள்ளியையும் சேருமிடத்தையும் இணைக்கும் நேர்கோடு ஆடியை வெட்டும் இடமே குறுகிய வழிக்கான படுபுள்ளி. அங்கே இரு கோணங்களும் சமமாக இருக்கும். ஆடிக்குப் பின்னால் நாம் குறித்த அந்தப் புள்ளியே பிம்பத்தின் இடமும் ஆகும்.

சொரசொரப்பான பரப்புகள்

சுவரும் தாளும் எதிரொளித்தாலும் அவற்றில் முகம் தெரிவதில்லை. விதிகள் அங்கே பொய்த்துவிடவில்லை. தாளின் பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்களால் ஆனது. ஒவ்வொரு மேட்டுக்கும் செங்குத்துக்கோடு வெவ்வேறு திசையில் நிற்கிறது. இணையாக வந்த கதிர்கள் தத்தம் இடத்து விதியை மீறாமலேயே பல திசைகளில் சிதறுகின்றன. இது பரவிய எதிரொளிப்பு அல்லது ஒழுங்கற்ற எதிரொளிப்பு எனப்படும். அறையின் எந்த மூலையில் அமர்ந்தாலும் கரும்பலகையில் எழுதியதைப் படிக்க முடிவது இதனாலேயே. பலகை பளபளப்பாக இருந்தால் சன்னல் ஓரத்து மாணவர்களுக்கு வெறும் ஒளிப்பட்டையே தெரியும்.

ஒரு பரப்பு வழவழப்பானதா என்பதை விரல் தீர்மானிப்பதில்லை; ஒளியின் அலைநீளமே தீர்மானிக்கிறது. கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. மேடுபள்ளங்கள் இதனினும் மிகச் சிறியவையாக இருந்தால்தான் அப்பரப்பு ஆடியாகும். வானொலி அலைகளின் அலைநீளம் மிகப் பெரிது என்பதால், புனே அருகேயுள்ள மீட்டரலை வானொலித் தொலைநோக்கியின் 30 தட்டுகளும் வெறும் கம்பிவலையால் ஆனவை. கண்ணுக்கு ஓட்டை நிறைந்த வேலியாகத் தோன்றுவது வானொலி அலைக்கு ஆடி.

நிலவு பளிச்சென்று தோன்றினாலும் அது நல்ல எதிரொளிப்பான் அன்று. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காட்டையே திருப்பி அனுப்புகிறது. இது பழைய தார்ச்சாலைக்கு நிகரானது. கருமையான வானத்தின் பின்னணியில் நிற்பதே அதன் வெண்மைக்குக் காரணம். புதிதாகப் பெய்த வெண்பனி 80 விழுக்காட்டுக்கும் மேலாக எதிரொளிக்கும்.

ஆடியும் உலோகமும்

உலோகங்களில் அணுக்களுக்குக் கட்டுப்படாமல் உலவும் எலக்ட்ரான்கள் உண்டு. ஒளி வந்து படும்போது இவை அதன் மின்புலத்துக்கு ஏற்ப அதிர்ந்து, ஒளியை மீண்டும் வெளியே அனுப்புகின்றன. வெள்ளியும் அலுமினியமும் பெரும்பாலும் எல்லா நிறங்களையும் திருப்பி அனுப்புவதால் நிறமற்றுத் தோன்றுகின்றன. பொன் நீல ஒளியை அவ்வளவாகத் திருப்பாததால் மஞ்சளாகத் தோன்றுகிறது. கண்ணாடிச் சில்லின் பின்புறம் வெள்ளி பூசும் வேதியியல் முறையை 1835 இல் யுசுடசு வான் இலீபிக்கு கண்டறிந்தார்.

வீட்டு ஆடியில் எதிரொளிப்பது பின்னாலுள்ள பூச்சே. முன்னாலுள்ள சில்லு அதற்குக் காப்பு மட்டுமே. பென்சில் முனையை ஆடியின்மேல் வைத்துச் சற்றுச் சாய்வாகப் பார்த்தால் முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் இடையே ஓர் இடைவெளி தெரியும். கேரளத்தின் ஆறன்முளக் கண்ணாடி செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, மெருகேற்றிய உலோகம். அதன் முன்பரப்பே எதிரொளிப்பதால் அவ்விடைவெளி தோன்றாது.

பூச்சு இல்லாத கண்ணாடியும் சிறிதளவு எதிரொளிக்கும். செங்குத்தாக விழும் ஒளியில் ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 4 விழுக்காடு. பகலில் இது புலப்படாது. இரவில் பேருந்தின் உள்விளக்கு எரிகையில், வெளியிலிருந்து வரும் ஒளி மிகக் குறைவு என்பதால் அந்த 4 விழுக்காடே சன்னலில் நம் முகத்தைக் காட்டிவிடுகிறது.

இடமும் வலமும் மாறுகின்றனவா?

சமதள ஆடியில் தோன்றும் பிம்பம் மாய பிம்பம், நிமிர்ந்தது, பொருளின் அதே அளவினது, ஆடிக்கு முன் பொருள் உள்ள தொலைவில் ஆடிக்குப் பின் தோன்றுவது. இவற்றோடு இடவல மாற்றம் உடையது என்றும் பாடநூல்கள் சேர்க்கின்றன. ஆடி இடவலத்தை மாற்றினால் தலைகீழ் மாற்றத்தை ஏன் செய்வதில்லை என்ற கேள்வி இங்கே எழுகிறது. ஆடிக்கு மேல் கீழ் என்ற வேறுபாடு தெரியுமா என்ன?

வடக்குச் சுவரில் மாட்டிய ஆடியின் முன் வடக்கு நோக்கி நிற்பதாகக் கொள்வோம். கிழக்குப் பக்கத்துக் கையை உயர்த்தினால் பிம்பமும் கிழக்குப் பக்கத்துக் கையையே உயர்த்துகிறது. தலை மேலே, பிம்பத்தின் தலையும் மேலே. கிழக்கு, மேற்கு, மேல், கீழ் எதுவும் மாறவில்லை. ஆனால் நம் மூக்கு வடக்கே நோக்க, பிம்பத்தின் மூக்கு தெற்கே நோக்குகிறது. ஆடி மாற்றியது முன்பின் திசையை மட்டுமே. நாமோ, ஒருவர் சுவரின் பின்னால் சென்று நம்மை நோக்கித் திரும்பி நிற்பதாக அப்பிம்பத்தைக் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படித் திரும்பி நிற்பவரின் கிழக்குக் கை அவருக்கு இடக்கை. இடவலம் மாறியது நம் கற்பனைத் திருப்பத்தில்.

எழுத்துகள் மாறித் தெரிவதும் இதனாலேயே. தாளில் எழுதியதை ஆடிக்குக் காட்ட நாம் தாளைப் பக்கவாட்டில் திருப்புகிறோம். அவ்வாறின்றி மேல்விளிம்பைக் கீழாகப் புரட்டிக் காட்டினால் எழுத்து தலைகீழாகத் தெரியும்; இடவலம் மாறியிராது. ஒளிபுகும் தாளில் எழுதித் திருப்பாமலேயே ஆடியின் முன் பிடித்தால் எழுத்து நேராகவே இருக்கும். ஆம்புலன்ஸ் ஊர்தியின் முன்புறத்தில் பெயரை மாற்றி எழுதுவது, முன்னே செல்லும் ஓட்டுநர் தம் ஆடியில் அதனை நேராகப் படிப்பதற்காக.

வளைந்த ஆடிகள்

குழியாடியும் குவியாடியும் தனிக் கட்டுரைக்கு உரியவை. வளைந்த பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு சமதள ஆடியே எனக் கொண்டு, மேற்கண்ட விதிகளைக் கொண்டே அவற்றையும் விளக்கலாம். குழியாடி இணைகதிர்களைக் குவிக்கிறது. ஊர்திகளின் பக்க ஆடியாகப் பயன்படும் குவியாடி, பிம்பத்தைச் சிறிதாக்கிப் பரந்த காட்சி தருகிறது. சவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.34 மீ விட்டமுடைய குழியாடி.

ஒளியின் வேகமும் ஆடியும்

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீ. 1983 முதல் மீட்டர் என்ற அலகே இவ்வெண்ணைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. ஞாயிற்றின் ஒளி புவியை அடைய ஏறத்தாழ 8 நிமிடம் 20 நொடி ஆகும். ஒளி செல்ல நேரம் எடுக்கும் என்பதை 1676 இல் ஓலே ரோமர் வியாழனின் துணைக்கோளான அயோவின் மறைப்புகளைக் கொண்டு காட்டினார்.

புவியில் இதனை அளப்பதற்குத் தடையாக இருந்தது கடிகாரம். ஒளி புறப்படும் இடத்தில் ஒரு கடிகாரமும் சேருமிடத்தில் மற்றொன்றும் வைத்தால் அவ்விரண்டையும் மிக நுண்ணிய அளவில் ஒன்றுபடுத்த வேண்டும். சேருமிடத்தில் ஓர் ஆடியை வைத்துவிட்டால் ஒளி புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். ஒரே கருவி போதும். 1849 இல் இப்போலிட் பிசோ செய்தது இதுவே. பாரிசு அருகே சுரேனில் 720 பற்கள் கொண்ட சக்கரத்தைச் சுழலவிட்டு, பல்லிடுக்கின் வழியே ஒளியை 8,633 மீ தொலைவில் மொன்மார்த்தரில் இருந்த ஆடிக்கு அனுப்பினார். சக்கரம் நொடிக்கு 12.6 முறை சுழன்றபோது, திரும்பிய ஒளி அடுத்த பல்லால் மறைக்கப்பட்டது. ஒளி சென்று திரும்பிய தொலைவு 17,266 மீ. இடுக்கு நகர்ந்து அவ்விடத்துக்குப் பல் வர ஆன நேரம் ஒரு நொடியை 2 × 720 × 12.6 ஆல் வகுத்தது. இதிலிருந்து கிடைப்பது நொடிக்குச் சுமார் 3,13,000 கி.மீ. 1926 இல் மைக்கல்சன் கலிபோர்னியாவின் இரு மலைகளுக்கிடையே 35 கி.மீ. தொலைவில் சுழலும் ஆடியைக் கொண்டு 2,99,796 கி.மீ. என அளந்தார்.

மூலைத் தெறிப்பி

சமதள ஆடியைத் தொலைவில் வைப்பதில் ஓர் இடர் உண்டு. ஆடி 1 பாகை சாய்ந்தால் எதிரொளித்த கதிர் 2 பாகை விலகும். படுகோணம் 1 பாகை கூட, எதிரொளிப்புக் கோணமும் 1 பாகை கூடுவதால் வருவது இது. ஓர் ஆடியை நிலவில் வைத்தால் என்னாகும் எனக் கணக்கிடலாம். நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ.; அத்தொலைவில் 2 பாகை என்பது சுமார் 13,400 கி.மீ. புவியின் விட்டமே 12,742 கி.மீ. தான். ஒரேயொரு பாகை சாய்ந்தாலும் ஒளி புவியைத் தவறவிட்டு விண்வெளிக்குள் சென்றுவிடும்.

இதற்குத் தீர்வு, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று ஆடிகளை அறையின் மூலைபோல் இணைப்பது. தரை ஆடி கதிரின் மேல்கீழ்ப் பகுதியைத் திருப்புகிறது. ஒரு சுவர் கிழக்குமேற்குப் பகுதியையும், மற்றொரு சுவர் வடக்குதெற்குப் பகுதியையும் திருப்புகின்றன. மூன்றும் திரும்பியபின் கதிர் வந்த திசைக்கு நேரெதிராக, வந்த வழிக்கு இணையாகச் செல்கிறது. மூலை சற்றுச் சாய்ந்திருந்தாலும் இம்முடிவு மாறாது. கேரம் பலகையின் மூலைக்கருகே இரு சட்டங்களிலும் அடுத்தடுத்து மோதும் ஸ்ட்ரைக்கர், வந்த திசையிலேயே திரும்புவதும் இதன் இருபரிமாண வடிவம்.

மிதிவண்டியின் சிவப்புத் தகட்டின் பின்புறத்தைப் பார்த்தால் இத்தகைய சிறு மூலைகள் தேன்கூடுபோல் வரிசையாக இருப்பதைக் காணலாம். பின்னால் வரும் ஊர்தியின் விளக்கொளியை அது அந்த ஊர்திக்கே திருப்பி அனுப்புவதால், மின்கலம் இல்லாமலேயே ஓட்டுநருக்கு ஒளிர்கிறது.

நிலவில் உள்ள தெறிப்பிகள்

1969 சூலையில் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் 100 மூலைத் தெறிப்பிகள் கொண்ட தட்டு ஒன்றை வைத்தனர். ஒவ்வொன்றும் 3.8 செ.மீ. விட்டமுள்ள, சிலிக்காக் கண்ணாடியால் ஆன மூலை. உலோகப் பூச்சு இல்லை. கண்ணாடிக்குள் செல்லும் ஒளி பின்பரப்புகளில் மாறுநிலைக் கோணத்தினும் மிகுந்த கோணத்தில் படுவதால் வெளியேற இயலாமல் முழு அக எதிரொளிப்பு அடைகிறது. 1971 இல் அப்பல்லோ 14 மேலும் 100 ஐயும், அப்பல்லோ 15 மேலும் 300 ஐயும் வைத்தன. பிரான்சில் செய்யப்பட்ட தெறிப்பிகளைச் சோவியத் ஒன்றியத்தின் லூனகோது 1, லூனகோது 2 ஆகிய ஊர்திகள் சுமந்து சென்றன. லூனகோது 1 நின்ற இடம் ஏறத்தாழ 40 ஆண்டுகள் சரிவரத் தெரியாமல் இருந்தது. 2010 இல் நிலவைச் சுற்றும் அமெரிக்க ஆய்வுக்கலத்தின் படங்களில் அது கண்டறியப்பட்டு, அவ்வாண்டு ஏப்ரலில் அனுப்பிய லேசர் ஒளி அதிலிருந்து திரும்பி வந்தது.

புவியிலிருந்து லேசர் துடிப்பை அனுப்பி, அது திரும்ப ஆகும் சுமார் இரண்டரை நொடியை நுண்ணிதாக அளப்பதே முறை. நேரத்தில் ஒரு நானோநொடி தவறினால் தொலைவில் 15 செ.மீ. தவறும். துடிப்பு நிலவை அடைவதற்குள் சில கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். திரும்பும் வழியில் மேலும் விரியும். ஆகவே அனுப்பிய எண்ணற்ற ஒளியணுக்களில் தொலைநோக்கிக்குத் திரும்புபவை மிகச் சிலவே. அச்சிலவற்றைக் கொண்டே நிலவு ஆண்டுக்குச் சுமார் 3.8 செ.மீ. வீதம் நம்மைவிட்டு விலகிச் செல்வது அளக்கப்பட்டுள்ளது. அவ்வீதப்படி 1969 முதல் 2019 வரை நிலவு ஏறத்தாழ 1.9 மீ விலகியுள்ளது. ஐன்சுடைனின் பொதுச் சார்புக் கோட்பாட்டைச் சோதிக்கவும் இவ்வளவீடுகள் பயன்படுகின்றன.

2023 ஆகத்து 23 இல் தரையிறங்கிய சந்திரயான் 3 இன் விக்ரம் தரையிறங்கியிலும் நாசா அளித்த, சுமார் 5 செ.மீ. அகலமுள்ள தெறிப்பித் தொகுதி ஒன்று உள்ளது. அதிலுள்ள மூலைகள் எட்டு. தரையிறங்கியின் கருவிகள் உறங்கியபின், 2023 திசம்பர் 12 அன்று 100 கி.மீ. தொலைவிலிருந்து நிலவைச் சுற்றும் கலம் அனுப்பிய லேசர் ஒளி இத்தொகுதியில் பட்டு அக்கலத்துக்கே திரும்பியது. இதற்கு மின்சாரம் தேவையில்லை.